பேய் ஆச்சியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்குப் பேய்க்கதை எழுத ஆரம்பித்த புதிதில் எனக்கு 'பேய் அக்கா' என்று பேர். கொஞ்ச நாளில் 'பேய் அத்தை' ஆனேன். போன வருஷம் ஒரு வாண்டு மேடைக்கு ஓடி வந்து "பேய் ஆச்சி, ஒரு கையெழுத்து" என்றது. தலைமுடியைப் பார்த்து எடுத்த முடிவு. நான் ஒத்துக்கொண்டேன். ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். பெரியவர்கள் கேட்டதும் இருக்கிறது, சின்னவர்கள் கேட்டதும் இருக்கிறது. யார் எதைக் கேட்டார்கள் என்பது படித்தாலே தெரியும்.

ஒன்றரை வருஷமாகப் புதுப் புத்தகம் இல்லையே, எழுதுவதை விட்டுவிட்டீர்களா?

விடவில்லை. வீடு மாறினேன். திருநெல்வேலி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, சாத்தான்குளம் பக்கத்தில் அம்மா இருக்கும் பழைய வீட்டுக்கே வந்துவிட்டேன். (பேய்க்கதைக்காரி சாத்தான்குளத்துக்குக் குடிபோனாளா என்று சிரிக்க வேண்டாம். சாத்தன் என்பது அய்யனாரின் பழைய பேர். கொம்பு முளைத்த சாத்தான் வேறு ஆள்.) அம்மாவுக்கு 81 வயது. மறதி நோய். ஒரு வருஷம் அவள் பின்னாலேயே நடந்தேன். இப்போது அவள் மத்தியானம் தூங்கும் இரண்டு மணி நேரம் எனக்கு எழுதக் கிடைக்கிறது.

அம்மா எப்படி இருக்கிறார்கள்?

உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடு நன்றாகவே சாப்பிடுகிறாள். பொழுது சாயும் நேரம்தான் பாடு. அந்தி நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோய் உள்ள பலருக்கும் உண்டு என்று டாக்டர் சொன்னார், அதற்கு 'சன்டவுனிங்' என்று ஒரு பேரும் சொன்னார். எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குக் கருக்கல் என்று பேர். என் கதைகளில் முக்கால்வாசி கருக்கலில்தான் ஆரம்பிக்கும். வெளிச்சமும் இருக்கும், இருட்டும் இருக்கும், ஓலைக் கட்டு ஆள் மாதிரித் தெரியும். இத்தனை வருஷம் அதை வைத்துப் பிழைத்துவிட்டு, இப்போது கருக்கல் வந்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஒருநாள் சாயங்காலம் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, உள்ள ஒருத்தி நிக்கா பாரு. நம்மளயே பாக்கா." போய்ப் பார்த்தேன். பீரோக் கண்ணாடி. உள்ளே நின்ற கிழவியை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இதுவும் நோயின் ஒரு குணம்தான், பலருக்கும் வரும் என்கிறார்கள். கேட்டபோது புரிந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனையோ கதைகளில் கண்ணாடிக்குள்ளிருந்து ஆளை எட்டிப் பார்க்க வைத்திருக்கிறேன். ஒன்றில்கூட, உள்ளே நிற்கிறவளை நினைத்து நான் வருத்தப்பட்டதில்லை.

"அது யாருமில்லம்மா" என்று நாலு நாள் சொல்லிப் பார்த்தேன். பலனில்லை. ஐந்தாம் நாள் அவளுடைய பழைய சுங்கடிச் சேலையை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டேன். "அவ போயிட்டா" என்றேன். "சாப்பிட்டாளா?" என்று கேட்டாள்.

புதுப் புத்தகம் எதைப் பற்றி? எப்போது வரும்?

தேரிக்காட்டைப் பற்றி. திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ரத்தச் சிவப்பில் மணல் மேடுகள், கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும். இரும்புத் துரு கலந்திருப்பதால் வந்த நிறம். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்த மணலை அள்ளி இடம் மாற்றிப் போடும். சாயங்காலம் நடந்த காலடித் தடம் காலையில் இருக்காது. நேற்று மேடாக இருந்தது இன்றைக்குப் பள்ளம். இதற்குமேல் ஒரு பேய்க்கதைக்கு என்ன வேண்டும்? அந்த மணலுக்கு நடுவிலேயே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் ஒரு சுனை இருக்கிறது. சிறுமியாக அங்கே போனபோது, இவ்வளவு காய்ந்த மண்ணுக்கு அடியில் யார் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேனாம். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது அவளுக்கு அது ஞாபகமில்லை.

கதையில் பன்னிரண்டு வயசுப் பெண் ஒருத்தி, தன் காலடித் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடித் தடத்தைப் பார்க்கிறாள். அவள் நின்றால் அதுவும் நிற்கிறது. மேலே சொல்ல மாட்டேன். ஒன்பது அத்தியாயம் முடிந்திருக்கிறது, கடைசி இரண்டு பாக்கி. சென்னைப் புத்தகக் காட்சிக்கு, அதாவது ஜனவரிக்கு, கொண்டுவர வேண்டும் என்று பதிப்பாளர் ஆசைப்படுகிறார். தேதி கொடுக்க நான் தயாரில்லை. எங்கள் வீட்டில் யாரும் கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை.

கிணற்றுக் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டா?

கிடையாது. முதல் பாகத்திலேயே நான் ஒரு தப்பு செய்தேன். கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடும் குரலைத் தேடி இறங்கும் பையனை முதல் பதிப்பில் உள்ளேயே விட்டுவிட்டுக் கதையை முடித்தேன். பெரிய கலை நுட்பம் என்று நினைப்பு. நாலாம் வகுப்புப் பையன் ஒருவனிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தது. ஒரே வரி. "அக்கா அவனை வெளியே எடுங்க." இரண்டாம் பதிப்பில் கயிறு கட்டி வெளியே எடுத்தேன். அந்தக் கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. முதல் பதிப்பு கையில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசிப் பக்கத்தில் ஒரு கயிறு வரைந்துகொள்ளுங்கள்.

நீங்கள் நிஜமாகவே பேயைப் பார்த்திருக்கிறீர்களா?

பள்ளிக்கூடம் போனால் முதல் கேள்வி இதுதான். பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன். பனங்காட்டில் ராத்திரிக் காற்றுக்குக் காவோலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், யாரோ பாவாடை கட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து வருவது போலவே இருக்கும். பழைய கோயில் மாடத்தில் கூடு வைக்கும் கூகை என்கிற ஆந்தையின் அலறலை முதல்முறை கேட்கிறவர் யாரோ பெண்பிள்ளை கத்துகிறாள் என்றே சத்தியம் செய்வார். அதைவிட மோசம் அது பறக்கிற விதம். சிறகின் ஓரம் சீப்புப் பல்லாகச் சிலும்பியிருப்பதால் தலைக்குமேல் போனாலும் காற்று அசையும் சத்தம்கூட வராது. வெள்ளை முகம், ஓசையில்லாத பறப்பு, திடீரென்று ஒரு கதறல். பாவம், அது எலி பிடிக்க வந்திருக்கும். நம் வயலுக்கு நல்லது செய்கிற பறவைக்குச் சாக்குருவி என்று பட்டம் கட்டிவிட்டோம்.

தூக்கத்தில் நெஞ்சுமேல் யாரோ உட்கார்ந்து அமுக்குகிறார்கள், கத்தினால் குரல் வரவில்லை. அது பேயா?

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். இதே கேள்வியைக் காதோடு காதாகக் கேட்ட டீச்சர்களும் உண்டு. பேய் இல்லை. ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு காணும் நேரத்தில், நாம் கனவில் ஓடுவதுபோல நிஜத்திலும் எழுந்து ஓடிவிடாமல் இருக்க மூளை கைகால்களை அசையவிடாமல் நிறுத்தி வைக்கிறது. சில நேரம் மனசு முந்திக்கொண்டு விழித்துவிடும், உடம்பு இன்னும் விழித்திருக்காது. அந்த இடைவெளியில் கனவின் மிச்சம் அறைக்குள் வந்து நிற்கும். கொஞ்ச நேரத்தில் தானே விட்டுவிடும். உடம்பு அசதி, தூக்கக் குறைவு, மல்லாந்து படுப்பது எல்லாம் இதைக் கூட்டும். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லலாம். எனக்கும் வந்திருக்கிறது. காரணம் தெரிந்திருந்தும் பயந்தேன்.

ராத்திரி புளியமரத்தடியில் படுத்தால் கரியமில வாயு அமுக்கும் என்பது சரிதானே? அதுதானே பேய்க்கு அறிவியல் விளக்கம்?

இல்லை. எல்லா மரமும் ராத்திரி கொஞ்சம் கரியமில வாயு விடும். திறந்த வெளியில் ஒரு மரம் விடுவது ஆளை அமுக்கும் அளவெல்லாம் இல்லை. பக்கத்தில் குறட்டை விடும் மாமாவும் அதைத்தான் விடுகிறார். இது அறிவியல் சட்டை போட்டுக்கொண்ட இன்னொரு பேய்க்கதை. பழைய கதையையே எனக்குப் பிடிக்கும். அதில் மோகினியாவது இருந்தாள்.

ஏன் எல்லாம் நம்மூர்ப் பேயாகவே இருக்கிறது? ரத்தக்காட்டேரி, ஜோம்பி எல்லாம் எழுதக் கூடாதா?

எழுதுகிறவர்கள் எழுதட்டும். என் கையில் இருக்கும் சொத்தே செலவாகவில்லை. தமிழில் பேயாழ்வார் என்று ஓர் ஆழ்வார் இருக்கிறார். காரைக்கால் அம்மையார் அழகை உதறிவிட்டுப் பேயுருவம் வேண்டி வாங்கிக்கொண்டார், திருவாலங்காட்டில் இருந்து பாடினார். பேயை வணங்கும் இடத்தில் உட்கார வைத்த மொழி இது.

சிரிப்புப் பேய் வேண்டுமென்றால் கலிங்கத்துப்பரணிக்குப் போகலாம். முதலாம் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைப் பாட வந்த செயங்கொண்டார் நடுவே பேய்களை விட்டு ஆட்டம் காட்டுகிறார். பேய்கள் காளியிடம் பசி பசி என்று புலம்புகின்றன. இமயமலைக்குப் போய் மாயாஜாலம் கற்று வந்த கிழப்பேய் ஒன்று வித்தை காட்டுகிறது. கடைசியில் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிப் பந்தி போடுகின்றன. குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொருவரையும் கவனித்துப் பரிமாறச் சொல்கிறார்கள். பிண வாடை அடிக்கிற அந்த இடத்தில் இப்படி ஒரு விருந்தோம்பல். மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

முருங்கை மரத்து வேதாளம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ராஜாவின் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொல்லிக் கேள்வி கேட்கிற பிணம். பயமுறுத்த வந்தது வாத்தியார் வேலை பார்த்துவிட்டுப் போகிறது.

பயங்கரமான பழைய தமிழ்க் கதை எது?

எனக்கு மணிமேகலையில் வரும் சார்ங்கலன் கதை. புகார் நகரத்துச் சுடுகாட்டுக்குள் ஒரு சிறுவன் தனியாக நுழைந்துவிடுகிறான். பிணத்தின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பேய்மகள் ஆடுகிறாள். பயந்து அலறி வீட்டுக்கு ஓடி, அம்மாவிடம் சொல்லி, அங்கேயே செத்துப்போகிறான். பார்வையில்லாத அந்தத் தாய் கோதமை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்தோடு வழக்காடுகிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைக் கொடு என்கிறாள். அது நடக்காது என்று தெய்வம் விளக்குகிறது. சாவு என்பது எல்லாருக்கும் உள்ளது என்று சொல்ல வந்த இடம், புரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு முறை படிக்கும்போதும், அந்தப் பையன் வீடுவரை வந்துவிட்டானே, வாசலைத் தொட்டுவிட்டானே என்று இருக்கும்.

என் பிள்ளைகள் யாரையும் நான் வாசலில் சாக விடுவதில்லை. எனக்கு ஒரு கணக்கு உண்டு: கதை முடியும்போது யாராவது ஒருவர் சோறு சாப்பிட வேண்டும். பயந்து ஓடி வந்த பிள்ளைக்கு விளக்கு எரிகிற வீடு, தட்டில் கரண்டி தட்டும் சத்தம், "எங்கலே போன இவ்வளவு நேரம்?" என்று ஒரு திட்டு. இந்த மூன்றும் இல்லாமல் புத்தகத்தை அச்சுக்கு அனுப்ப மாட்டேன். பேய் என்ன ஆனது என்பதைச் சொல்லாமல் விட்டாலும் விடுவேன், சோற்றை விட மாட்டேன்.

என் மகன் உங்கள் கதையைப் படித்துவிட்டு ராத்திரி பாத்ரூம் போகவே பயப்படுகிறான். என்ன செய்வது?

முதலில், மன்னிக்கணும். அடுத்து, கூடப் போங்கள். நாலு நாள் போனால் ஐந்தாம் நாள் அவனே போவான். "ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா" என்று மட்டும் சொல்லாதீர்கள். பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டால் பிறகு உங்களிடம் சொல்லவே மாட்டான். அந்தக் கதையைப் பகலில், இன்னொரு தரம், நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். பேய்க்கு ஒரு கோணங்கிக் குரல் கொடுத்துப் பாருங்கள், அதன் பல் பாதி விழுந்துவிடும். அப்போதும் போகவில்லை என்றால் புத்தகத்தைத் தூக்கி உள்ளே வையுங்கள். ஒரு வருஷம் கழித்து அவனே தேடுவான்.

எந்த வயதுக்கு உங்கள் புத்தகங்கள்?

எட்டு வயசுக்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கிறோம். ஆறு வயசில் கேட்டுச் சிரிக்கிற பிள்ளையும் உண்டு, பன்னிரண்டில் வேண்டாம் என்கிற பிள்ளையும் உண்டு. பிள்ளையைப் பார்த்துக் கொடுங்கள், அட்டையைப் பார்த்து வேண்டாம்.

பேய்க்கதை எழுதி மூடநம்பிக்கையை வளர்க்கிறீர்கள் என்று சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிட்டுவிட்டு, முதல் நாள் ராத்திரி போன் செய்து வர வேண்டாம் என்றது. பெற்றோர் ஒருவர் புகார் சொன்னாராம். ரயில் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

நான் கேட்பது இதுதான். நம் வீடுகளில் பிள்ளைக்கு முதன்முதலில் பயத்தைச் சொல்லிக்கொடுப்பது எந்தப் புத்தகம்? புத்தகமே இல்லை. "சாப்பிடு, இல்லாட்டி பூச்சாண்டி வந்துருவான்" என்கிற சோற்றுக் கிண்ணம்தான். சிலப்பதிகாரத்துப் புகாரிலேயே சதுக்கபூதம் நாற்சந்தியில் நின்று, பொய்ச்சாட்சி சொன்னவனையும் புறம்பேசினவனையும் பிடித்துத் தின்றது. பெரியவர்கள் பூதத்தைப் போலீஸ் வேலைக்கு வைத்துக்கொள்வது புதிதில்லை. என் கதைகளில் சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையைத் தண்டிக்க ஒரு பேயும் வராது. அது வந்ததற்கு அதற்கென்று ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் பெரியவர்கள் யாரோ செய்த காரியமாக இருக்கும். பிள்ளை அதைக் கண்டுபிடிக்கும். பேய் உண்டா இல்லையா என்று நான் தீர்ப்புச் சொல்வதில்லை. ஓலைக் கட்டுப் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்கிற பிள்ளையைத்தான் எழுதுகிறேன்.

இசக்கி, சுடலைமாடன் கதைகளை எழுதலாமே?

மாட்டேன். இங்கே அவர்கள் சாமிகள். கொடை விழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டிலும் கணியான் கூத்திலும் பாடப்படுகிறவர்கள். அநியாயமாகச் செத்தவர்களை ஊரே சேர்ந்து சாமியாக்கிப் படையல் வைக்கிற இடத்தில் போய், அட்டைப்படத்துக்கு நாக்கைத் தொங்கவிட்டு வரைய எனக்கு மனசு வராது. வெளியூரிலிருந்து சில பேர் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது வெறும் பேய். எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இசக்கியம்மாள் என்று பேர்.

இதில் சம்பாதிக்க முடியுமா?

முடியாது. 100 ரூபாய்ப் புத்தகத்துக்கு எனக்கு 10 ரூபாய். ஆயிரம் பிரதி விற்க ஒரு வருஷம், சிலது இரண்டு வருஷம். வண்ணப்படம் போட்டால் அச்சுக்கூலி ஏறிவிடும், விலையைக் கூட்டினால் பெற்றோர் திரும்ப வைத்துவிடுவார்கள். அதனாலேயே என் புத்தகங்களில் கறுப்பு வெள்ளைப் படம்தான். பேய்க்கு அது போதும் என்று ஓவியர் சமாதானம் சொல்கிறார். இருட்டு வரைய மை நிறையச் செலவாகும் என்பதும் அவர் சொன்னதுதான். மற்றபடி தமிழ் டியூஷன் எடுத்துத்தான் ஓடுகிறது.

எங்கள் பள்ளிக்கு வருவீர்களா?

இப்போதைக்குத் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்துக்குள் மட்டும். காலையில் போய் மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும். கருக்கலுக்கு நான் வீட்டில் இருந்தாக வேண்டும். பணம் பேச வேண்டாம், பஸ் செலவு கொடுங்கள். ஒரே நிபந்தனை: டீச்சர்மார் பின்னால் நின்று "சத்தம் போடாதே" என்று மிரட்டக் கூடாது. பேய்க்கதைக்குக் கத்தத்தான் வேண்டும்.

என் மகள் பேய்க்கதை எழுதியிருக்கிறாள். அனுப்பலாமா?

அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் அவள் எழுதினபடியே. நீங்கள் திருத்தினால் எனக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகள் எழுதும் பேய் பல் தேய்க்கும், ஹோம்ஒர்க் செய்யும். அப்பா திருத்தின பேய் அறிவுரை சொல்லும்.

பேய் ஆச்சிக்கு எதைக் கண்டால் பயம்?

கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் சத்தம். அம்மா ராத்திரியில் எழுந்து வெளியே போகப் பார்ப்பாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் விற்ற மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பாள். முதலில் மறித்தேன், அழுதாள். போன வாரம் மூன்று மணி இருக்கும், சத்தம் கேட்டு எழுந்தேன். மறிக்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு கூடவே போனேன். இரண்டு பேரும் அடிபம்பில் ஒரு வாளித் தண்ணீர் அடித்தோம். இடிந்து கிடக்கும் தொழுவத்தில் கொண்டுபோய் வைத்தாள். ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்த மாட்டுக்கு அப்படி ஒரு பேர் இருந்ததே எனக்கு மறந்துவிட்டது. பிறகு உள்ளே வந்து நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் போய்ப் பார்த்தேன். வாளியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. தெருநாயாக இருக்கும்.